கவசத்துக்குப் பின்னால் ஓர் ஊமைக்காயம்

கவச உடையில் பட்ட துப்பாக்கிக் குண்டு உடையைத் துளைக்காமல் நின்றுவிட்டாலும், அது சுமந்துவந்த ஆற்றல் அங்கேயே தீர்ந்துவிடுவதில்லை. உடையின் உட்புறம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் புடைத்து, ஒட்டியிருக்கும் மார்பையோ வயிற்றையோ இடிக்கிறது. தோல் கிழியாமலே விலா எலும்பு முறியலாம். நுரையீரலுக்குள் ரத்தம் கசியலாம். கல்லீரல் வெடிப்பு விடலாம். வெளியே அதிகம் தெரியாமல் உள்ளே வேலை செய்யும் அடியைத் தமிழில் ஊமைக்காயம் என்பார்கள். கவசத்துக்குப் பின்னால் விழும் ஊமைக்காயம் எவ்வளவு ஆபத்தானது என்பதை முன்கூட்டியே கணிக்க ஐம்பது ஆண்டுகளாக வழி தேடுகிறார்கள். பல நாடுகளின் சோதனைக்கூடங்களில் இன்றும் புழங்குவது ஒரே ஓர் எண்: 44 மில்லிமீட்டர்.

குண்டின் கணக்கு

9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டின் எடை 8 கிராம். 2008-ஆம் ஆண்டின் அமெரிக்கத் தரநிலைப்படி, இரண்டாம் நிலை கவச உடையைச் சோதிக்கும்போது அது வினாடிக்கு 398 மீட்டர் வேகத்தில் வந்து மோத வேண்டும். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 630 ஜூல். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 160 கிராம் கிரிக்கெட் பந்துக்கு இருப்பது சுமார் 120 ஜூல்தான். ஆனால் எடையை வேகத்தால் பெருக்கி வரும் உந்தத்தைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும். பந்தின் உந்தம் குண்டின் உந்தத்தைப் போல இரு மடங்கு.

ஒரு பொருளைப் பின்னுக்குத் தள்ளுவது உந்தம். ராணுவ ரைபிளின் 7.62 மி.மீ. குண்டு 70 கிலோ எடையுள்ள ஒருவரின் கவசத்தில் பட்டு நின்றால்கூட, அவர் உடல் வினாடிக்கு 12 சென்டிமீட்டர் வேகத்தில்தான் பின்னால் நகரும். நிற்பவர் ஒரு காலைப் பின்னே வைத்துச் சமாளித்துவிடலாம். குண்டடி பட்டவர் பறந்துபோய்ச் சுவரில் மோதுவதெல்லாம் சினிமாவில் கயிறு கட்டி எடுக்கும் காட்சி.

உண்மையான ஆபத்து குண்டு பட்ட இடத்தில் இருக்கிறது. கெவ்லார் போன்ற இழைகளால் நெய்த மென்கவசம், கால்பந்து கோல் வலையைப் போலக் குண்டைப் பிடிக்கிறது. பந்து விழுந்ததும் வலை பின்னால் குழிந்துபோவதைப் பார்த்திருப்போம். அதே போன்ற குழிவு கவசத்திலும் ஏற்படுகிறது. வலைக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கிறது, கவசத்துக்குப் பின்னால் விலா எலும்பு இருக்கிறது. ரைபிள் குண்டுக்கு எதிரான வன்கவசத்தில் பீங்கான் தகடு குண்டை நொறுக்குகிறது. அதன் பின்னால் ஒட்டிய பாலிஎத்திலீன் போன்ற அடுக்குகள் சிதறலைப் பிடித்துக்கொள்கின்றன. அங்கும் பின்னடுக்கு உள்நோக்கிப் புடைக்கவே செய்யும். உள்ளங்கை அளவுகூட இல்லாத இடத்தில், வினாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் இத்தனையும் முடிந்துவிடுகிறது.

உடலுக்குள் நடப்பது

இந்த இடி உடலுக்குள் இரண்டு வகையாகப் பரவுகிறது. முதலில் போவது அழுத்த அலை. தசையிலும் ரத்தத்திலும் அது வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. காற்றும் திசுவும் கலந்த நுரையீரலில் ஒலி வினாடிக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில்தான் நகரும். வேகமாக வந்த அலை இங்கே திடீரென்று தடுமாறும்போது, திசுவும் காற்றும் சந்திக்கும் எல்லையில் மெல்லிய காற்று நுண்ணறைகளின் சுவர்கள் கிழிந்து ரத்தம் கசிகிறது. அடுத்து வருவது மார்புச் சுவரே உள்ளே அமுங்கும் கட்டம். விலா எலும்பும் மார்பெலும்பும் முறிவது, இதயம் கன்றிப்போவது, கல்லீரலும் மண்ணீரலும் கிழிவது எல்லாம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

அடி விழும் இடத்தைப் பொறுத்து விளைவு மாறுகிறது. முதுகின் தடித்த தசை மேல் பட்டால் பெரிய ரத்தக்கட்டோடு போகலாம். அதே அடி வலது கீழ் விலாவில் பட்டால் அதன் கீழ் இருப்பது கல்லீரல். இதயத்துக்கு நேர் மேலே விழும் அடி நேரத்தையும் பொறுத்தது. பேஸ்பால் ஆடும் சிறுவர்கள் மார்பில் பந்து பட்டு, எலும்புகூட முறியாமல், நின்ற இடத்திலேயே சரிந்து இறந்ததுண்டு. இதயத் துடிப்பின் மின்சுழற்சியில் ஒரு குறிப்பிட்ட நேரம் இருக்கிறது; அதன் நீளம் வினாடியில் நூறில் ஓரிரு பங்குதான். அந்த நேரத்தில் அடி விழுந்தால் துடிப்பு தாறுமாறாகிவிடும். பன்றிகளில் நடந்த ஆய்வு 1998-இல் இதை உறுதிப்படுத்தியது.

ஆடுகள் தந்த எண்

டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக் 1965-இல் கண்டுபிடித்த இழையே பின்னாளில் கெவ்லார் ஆனது. கார் டயருக்கு வலுவூட்டத் தேடிய பொருள் அது. அமெரிக்க நீதித்துறையின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த லெஸ்டர் ஷூபினும் ராணுவத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் மொண்டனரெல்லியும் 1970-களின் தொடக்கத்தில் அந்தத் துணியை மடித்துவைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். குண்டு துளைக்கவில்லை. துணி தாங்கிவிட்டது, ஆனால் உள்ளே இருப்பவர் தாங்குவாரா என்ற கேள்வி உடனே எழுந்தது.

அன்று அமெரிக்கத் தெருக்களில் அதிகம் புழங்கிய ஆயுதங்களில் ஒன்று .38 காலிபர் கைத்துப்பாக்கி. 10 கிராம் எடையும் வினாடிக்குச் சுமார் 240 மீட்டர் வேகமும் கொண்ட அதன் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 300 ஜூல். உடை அணிந்தவர் அந்தக் குண்டை வாங்கியபின் தன் காலால் நடந்து போக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவ உதவி கிடைத்தால் அவர் இறக்கும் வாய்ப்பு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இதுதான் திட்டத்தின் இலக்கு.

மேரிலாந்து மாநிலத்தின் எட்ஜ்வுட் ராணுவ ஆய்வகத்தில் மயக்க மருந்து கொடுத்த ஆடுகளுக்கு ஏழடுக்குக் கெவ்லார் போர்த்திச் சுட்டார்கள். பின்பு உடலைத் திறந்து நுரையீரல், இதயம், கல்லீரல் ஆகியவற்றில் காயத்தை அளந்தார்கள். அதே குண்டை, அதே கெவ்லாருக்குப் பின்னால் வைத்த ஜெலட்டின் கட்டியிலும் சுட்டு, அதிவேகக் கேமராவால் குழிவைப் படம் பிடித்தார்கள். ஆடு தாங்கிய அடி, ஜெலட்டினில் எவ்வளவு ஆழம் என்று ஒப்பிடுவது நோக்கம்.

ஜெலட்டினில் ஒரு சிக்கல் இருந்தது. குழிவு வந்த வேகத்திலேயே மறைந்துவிடும். அளக்க விலையுயர்ந்த கேமரா வேண்டும். குழிந்தது குழிந்தபடியே நிற்கும் பொருள் ஒன்று இருந்தால் அளவுகோல் போதும். 80 மி.மீ. அகலமும் 200 கிராம் எடையும் கொண்ட அரைக்கோள முனையுள்ள உருளையை வினாடிக்கு 55 மீட்டர் வேகத்தில் ஆட்டின் வயிற்றிலும் பல பொருள்களிலும் மோதவிட்டுப் பார்த்தார்கள். தேர்வானது சிற்பிகள் உருவம் பிடிக்கும் எண்ணெய்க் களிமண். ரோமா பிளாஸ்டிலினா நம்பர் ஒன் என்பது அதன் கடைப்பெயர். 1977-இல் வெளிவந்த அறிக்கையோடு 44 மி.மீ. என்ற வரம்பு நிலைபெற்றது.

இதற்கிடையில் களமே ஒரு சான்றைத் தந்துவிட்டது. சோதனை முயற்சியாக 15 நகரங்களின் போலீஸாருக்குக் கெவ்லார் உடைகள் கொடுக்கப்பட்டிருந்தன. 1975 டிசம்பர் 23 அன்று சியாட்டில் நகரில் ஒரு கடையில் நடந்த கொள்ளையின்போது, அந்த உடையை அணிந்திருந்த போலீஸ்காரர் சுடப்பட்டு உயிர் தப்பினார். கெவ்லார் உடை களத்தில் காப்பாற்றிய முதல் உயிராக அது பதிவாகியிருக்கிறது.

களிமண் பெட்டியின் முன்

சோதனைக்கூடத்தில் 61 சென்டிமீட்டர் நீள அகலமும் 14 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பெட்டியில் களிமண் நிரப்பப்படுகிறது. உள்ளே காற்றுக்குமிழி இருக்கக் கூடாது; கையால் அமுக்கியும் தட்டியும் நிரப்பி மேற்பரப்பைச் சமமாகச் சீவிவிடுவார்கள். களிமண் சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க, 63.5 மி.மீ. விட்டமும் ஒரு கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையும் கொண்ட எஃகுக் குண்டை 2 மீட்டர் உயரத்திலிருந்து ஐந்து இடங்களில் விழவிடுவார்கள். பள்ளங்களின் சராசரி ஆழம் 19 மி.மீ. அளவில், 2 மி.மீ. கூடக்குறைய, இருந்தால் பெட்டி தயார். ஆழம் குறைந்தால் களிமண் கட்டி, கூடினால் இளக்கம். இரண்டில் எதுவானாலும் பெட்டி திரும்பக் களிமண்ணைப் பதப்படுத்தும் சூட்டறைக்குப் போகும்.

பதம் சரியான பெட்டியின் மேல் கவசத்தைப் பட்டைகளால் கட்டிச் சுடுகிறார்கள். பிறகு கவசத்தைக் கழற்றினால், களிமண்ணில் வழவழப்பான ஒரு கிண்ணம் பதிந்திருக்கும். சில நேரம் துணியின் நெசவு வரிகூட அதில் தெரியும். குண்டு படுவதற்கு முன் இருந்த பரப்பிலிருந்து கிண்ணத்தின் அடிவரை அளக்கிறார்கள். 44 மி.மீ.க்குள் இருந்தால் தேர்ச்சி. சில அளவீடுகள் அந்த வரம்பைத் தாண்டினால், புள்ளியியல் கணக்கில் தேறுகிறதா என்று பார்க்க 2008-ஆம் ஆண்டுத் தரநிலை இடம் தருகிறது. ஆனால் எந்த ஓர் அளவீடும் 50 மி.மீ.யைத் தாண்டக் கூடாது.

எண்ணின் மீது எழுந்த ஐயங்கள்

முதல் ஐயம் களிமண்ணைப் பற்றியது. அது சிற்பிகளுக்காகச் செய்த பொருள். ஆண்டுகள் போகப்போக அதன் கலவை மாறிக் கட்டிப்பட்டது. தொடக்கத்தில் அறை வெப்பத்திலேயே பதமாக இருந்த களிமண்ணை இப்போது சூடேற்றினால்தான் சோதனைக்கு ஏற்ற இளக்கம் வருகிறது. வெளியே எடுத்து வைத்ததும் ஆறத் தொடங்கும். ஆற ஆற இறுகும். சுடுவதற்குள் நேரம் கடந்தால் ஆழம் மாறிவிடும். எஃகுக் குண்டு களிமண்ணைத் தொடும்போது அதன் வேகம் வினாடிக்கு 6 மீட்டர்தான். கவசத்தின் பின்புறம் புடைக்கும் வேகமோ அதைப் போலப் பல மடங்கு. மெதுவான அடியில் சரியாக இருக்கும் களிமண் வேகமான அடியிலும் அப்படியே நடந்துகொள்ளும் என்பதற்கு உறுதியில்லை.

இரண்டாவது ஐயம் இதைவிடப் பெரியது. 44 மி.மீ. என்பது 300 ஜூல் ஆற்றலுள்ள ஒரு வகைக் கைத்துப்பாக்கிக் குண்டு, ஒரு வகை மென்கவசம், ஆட்டின் உடல் ஆகிய மூன்றிலிருந்து பிறந்த எண். அதே எண் பின்னர் 3,400 ஜூல் ஆற்றலுள்ள ரைபிள் குண்டைத் தடுக்கும் வன்தகடுகளுக்கும் பொருத்தப்பட்டது. கவசத்தைத் துளைக்கவென்றே செய்த ரைபிள் குண்டின் ஆற்றல் 4,000 ஜூலையும் தாண்டும். ஆட்டின் மார்பு மனித மார்பைவிடக் குறுகலானது. விலா எலும்பின் வளைவும் வேறு. 2012-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் வெளியிட்ட அறிக்கை, களிமண்ணில் விழும் பள்ளத்தையும் மனிதருக்கு நேரும் காயத்தையும் இணைக்கும் மருத்துவ ஆய்வு தேவை என்று வலியுறுத்தியது. பிரிட்டனின் 2007-ஆம் ஆண்டுத் தரநிலை ரைபிள் குண்டுக்கு எதிரான கவசத்துக்கு 25 மி.மீ. என்ற கடுமையான வரம்பை வைத்தது.

மூன்றாவது ஐயத்தைப் புரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அமுக்கி உயிரூட்டும் முதலுதவியில், வயது வந்தவரின் மார்பை 5 முதல் 6 சென்டிமீட்டர்வரை அமுக்கச் சொல்கிறார்கள். அது 44 மி.மீ.யைவிட ஆழம். விலா எலும்பு சில நேரம் முறிந்தாலும், உயிர் காக்கும் அந்த அமுக்கத்துக்கு உடல் ஈடுகொடுக்கிறது. அதே ஆழம் நூறு மடங்கு வேகத்தில், சிறிய வட்டத்துக்குள் நடந்தால் கதை வேறு. ஆழம் மட்டும் காயத்தைச் சொல்லாது. வேகம், பரப்பு, இடம் மூன்றும் சேர்ந்துதான் சொல்லும்.

வேறு அளவுகோல்கள்

கார் விபத்து ஆய்விலிருந்து வந்த அளவுகோல் வேகத்தைக் கணக்கில் சேர்க்கிறது. 1980-களில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் டேவிட் வியானோவும் இயன் லாவும் வகுத்த முறை அது. மார்பு எவ்வளவு வேகமாக அமுங்குகிறது, அந்த நொடியில் மொத்த ஆழத்தில் எத்தனை பங்கு அமுங்கியிருக்கிறது என்ற இரண்டையும் பெருக்குகிறார்கள். ஐரோப்பிய நேர்மோதல் விதிகளில் இந்தப் பெருக்குத்தொகை வினாடிக்கு 1 மீட்டரைத் தாண்டக் கூடாது. கவசத்துக்குப் பின்னால் நடக்கும் இடி காரில் நடப்பதைவிடக் குறுகியது, கூர்மையானது. அதனால் அந்த வரம்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்றாலும் சிந்தனை பயன்பட்டது.

மற்றொரு முறை லாரி ஸ்டர்டிவன் உருவாக்கியது. மோதும் பொருளின் ஆற்றலை ஒரு பக்கம் வைத்து, அடிபடுபவரின் உடல் எடை, அடிபடும் இடத்தில் உடற்சுவரின் தடிமன், மோதும் பொருளின் விட்டம் ஆகியவற்றை மறுபக்கம் வைத்து வகுக்கிறது அந்தச் சூத்திரம். ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கும் ஒரே அடி ஒரே காயத்தைத் தராது என்ற அனுபவ அறிவுக்கு அது எண் வடிவம் தருகிறது. கூட்டத்தைக் கலைக்கச் சுடும் ரப்பர் குண்டு போன்றவற்றின் ஆபத்தை மதிப்பிடவும் இது பயன்படுகிறது.

இவையெல்லாம் கடைசியில் வந்து சேருவது ஒன்று முதல் ஆறு வரையிலான காய அளவீட்டில். ஒன்று என்றால் தோல் கன்றிய அளவு. ஆறு என்றால் பிழைக்க வழியில்லை. இந்த அடி விழுந்தால் மூன்றுக்கு மேற்பட்ட காயம் நேர எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று சொல்ல முடிந்தால், மதிப்பீடு முழுமை பெற்றதாகக் கொள்ளலாம். களிமண் இதைச் சொல்லாது. தேர்ச்சி, தோல்வி இரண்டில் ஒன்றைத்தான் சொல்லும்.

விழுக்காட்டைப் பெற மனித உடலுக்கு நெருக்கமான சான்று தேவை. ஆய்வுக்காகத் தானமாக வந்த உடல்களில் வன்கவசம் அணிவித்துச் சுட்ட ஆய்வுகள், மார்பெலும்பும் விலாவும் முறியும் எல்லையைக் காட்டின. சடலத்தில் ரத்தம் ஓடாது, நுரையீரல் மூச்சு விடாது. ஆகவே கசிவையும் துடிப்பையும் அறிய மயக்கமூட்டிய பன்றிகளை நாட வேண்டியிருந்தது. ஸ்வீடனில் அப்படி நடந்த சோதனைகளில், அடி மார்பில் விழுந்தும் பன்றிகளின் மூளை மின்னலைகள் சிறிது நேரம் அடங்கின. மூச்சு தற்காலிகமாக நின்றது. போர்க்களத்தில் அந்தச் சில நொடி உயிரை முடிவு செய்யக்கூடியது.

உயிரில்லாத பதிலிகளும் உருவாயின. டெட்ராய்ட் நகரின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மூன்று விலாக்கள் கொண்ட மோதல் பொம்மை இதற்கென ஆராயப்பட்டது. கனடாவின் ராணுவ ஆய்வகம் ரப்பர் போன்ற சவ்வால் ஆன உடற்பகுதியின் உட்புறத்தை லேசரால் அளந்து, குழிவின் ஆழத்தோடு வேகத்தையும் பதிவு செய்தது. கணினி மாதிரிகள் விலா, நுரையீரல், இதயம் என்று தனித்தனியாகக் கட்டி, ஒவ்வோர் இடத்திலும் அடி விழச் செய்து பார்க்க இடம் தருகின்றன. என்றாலும் மாதிரி எவ்வளவு நுணுக்கமானதாக இருந்தாலும், அதைச் சரிபார்க்கச் சடலமும் விலங்கும் தந்த சான்றுகளே உரைகல்.

களம் சொல்லும் பாடம்

குறைகள் இத்தனை இருந்தும் 44 மி.மீ. நிலைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. கவசத்தால் உயிர் பிழைத்த அமெரிக்கப் போலீஸாருக்கென 1987-இல் தொடங்கிய சங்கத்தின் பட்டியல் 3,000 பெயரைத் தாண்டியது. தேர்ச்சி பெற்ற உடையை அணிந்திருந்து, குண்டு துளைக்காமலே வெறும் இடியால் இறந்தவர்கள் மிக அரிது. வரம்பு தேவையைவிடக் கடுமையாகவே இருக்கக்கூடும் என்று வாதிடுவோர் இதைத்தான் காட்டுகிறார்கள். கடுமை கூடினால் உடையின் எடையும் கூடும். கனத்த உடையைப் புழுக்கத்தில் கழற்றி வைப்பவர் ஏராளம். கழற்றி வைத்த கவசம் எவரையும் காப்பதில்லை.

அரிது என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. துணி கிழியாத நிலையிலும் குண்டு அதையும் இழுத்துக்கொண்டு தோலைக் கிழித்து உள்ளே புகுந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அப்படிக் காயமடைந்தவர்கள் அணிந்திருந்தவை சோதனையில் தேறிய உடைகள். உடல் வடிவமும் ஒரு சிக்கல்: தட்டையான களிமண்ணில் தேறிய உடை, பெண் போலீஸாரின் மார்பு வடிவத்துக்கு ஏற்ப வளைத்துத் தைக்கப்படும்போது அதே அளவில் காக்குமா என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. 2023-இல் வந்த அமெரிக்கத் தரநிலை, பெண்களுக்கான உடையைச் சோதிக்கும் முறையைத் திருத்தியமைத்தது. இந்தியாவில் 2018-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் குண்டு துளைக்காத உடைக்கென ஐ.எஸ். 17051 என்ற தரநிலையை வெளியிட்டது. கான்பூரில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகம் உருவாக்கிய எடை குறைந்த உடை, 2024-இல் சண்டிகரில் அந்தத் தரநிலையின்படியே சோதிக்கப்பட்டது.

கவசத்தில் குண்டு பட்டவரின் மார்பில் பொதுவாகத் தெரிவது ஒரு வட்டக் கன்றல்; நடுவே சிராய்ப்பு, சுற்றிலும் சிவந்து நீலம் பாரித்த வளையம். வலி பொறுக்கும்படி இருக்கும். அவர் எழுந்து நடப்பார், பேசுவார். ஆனால் நுரையீரலில் கசியும் ரத்தம் அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் உச்சத்தை எட்டும். கல்லீரலின் சிறு வெடிப்பும் மெல்லவே வெளிப்படும். உடை குண்டைப் பிடித்துவிட்டது என்பதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. மருத்துவமனையில் எக்ஸ்ரேயும் இ.சி.ஜி.யும் ஸ்கேனும் எடுத்து, குறைந்தது ஒரு நாளாவது கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும்.